மூன்றாம் குழியில் வெளிச்சம்

2024 செப்ரெம்பர் 30, திங்கள்

நோர்வேத் தபால் வந்துவிட்டது. சுங்கத்தில் கிடந்து, உறை பிரிக்கப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டு, கடைசியில் பரமலிங்கம் அண்ணை தபாற்கந்தோருக்கு நேரே போய்ச் சண்டை பிடித்து வாங்கி வந்தார். உள்ளே ஒரு வெள்ளித்தாள் மடிப்பு. அதற்குள் நகமளவு கடதாசித் துண்டு. அதில் காய்ந்த ஒரு பொட்டு. அந்தப் பொட்டுத்தான் நான் காத்திருந்த மதுவம், பாண் மாவைப் பொங்க வைக்கும் அந்த நுண்ணுயிர்.

அண்ணை எங்கள் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர். கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். ஓய்வுக்கு அதிக காலமில்லை. கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை உயிர் இருக்கோ பிள்ளை?" என்றார்.

"ஓம் அண்ணை. நித்திரை."

"நித்திரை கொள்ளுற ஆக்களை எழுப்பக் கூடாது எண்டு சொல்லுவினம்."

"உவையை எழுப்பத்தான் எனக்குச் சம்பளம்."

சம்பளம் என்று சொல்வதே அதிகம். தற்காலிக உதவி விரிவுரையாளர் என்றால் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் என்னை மறந்துபோகாமல் இருக்க நேர்த்தி வைக்க வேண்டும். ஆனாலும் இன்று சந்தோசம். அண்ணைக்கு நன்றி சொன்னேன். "சண்டை பிடிக்கிறது எனக்கு விருப்பம்" என்றார்.

ஒக்ரோபர் 3, வியாழன்

பருத்தித்துறைக்கு வந்து சேரும்போது அம்மா முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நோர்வேக்காரர் கடிதத்துக்குள் என்னத்தை அனுப்பினார்கள் என்று கேட்டார். மீனை வைத்தே விளங்கப்படுத்தினேன்.

உப்புப் பட்டதும் மீனிலிருந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது. மதுவக் கலத்திலிருந்தும் அப்படித்தான் ஓடும். ஆனால் அது உயிரோடு இருக்கிறது, சும்மா இருக்காது. கலத்தின் தோலில் உள்ள புரதம் உப்பை உணர்ந்து பக்கத்தில் இருப்பதைத் தட்டும். அது அடுத்ததைத் தட்டும். தட்டித் தட்டிப் போய், கடைசியில் ஹொக் என்று ஒரு புரதம் கருவுக்குள் ஓடி, உப்பைத் தாங்குவதற்கான ஜீன்களை, அதாவது பரம்பரையலகுகளை இயக்கிவிடும். கலம் கிளிசரோலைச் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெருக்கடி தீர்ந்ததும் ஹொக் வெளியே வந்துவிடும்.

"வேலை முடிஞ்ச உடனை வீட்டை வாற புரதம்" என்றார் அம்மா. "உன்னை மாதிரி இல்லை."

இப்போது வந்திருப்பது ஹொக் இல்லாதபடி மாற்றிய மதுவம், விகாரி என்போம். அதன் உப்புப் பரம்பரையலகோடு பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைக் கோத்திருக்கிறார்கள். பரம்பரையலகு இயங்கினால் கலம் ஒளிரும். ஒளிர்வுமானி அதை ஓர் எண்ணாகச் சொல்லும். ஹொக் இல்லாவிட்டால் எவ்வளவு உப்புப் போட்டாலும் ஒளிரக்கூடாது. என் முதுதத்துவமாணிப் பட்ட ஆய்வுக்கு இது ஓர் ஒப்பீடு மட்டும்தான். ஆனால் இதை அனுப்பிய, நோர்வேயின் பேர்கன் நகரப் பேராசிரியர் அம்மையார் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஜனவரிக்குள் இதில் ஏதாவது புதிதாகக் கண்டால், அவருடைய ஆய்வுகூடத்தில் இருக்கும் ஒரே கலாநிதிப் பட்ட இடத்துக்கு என்னை யோசிப்பாராம்.

அந்த வரியை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 11, வெள்ளி

ஆய்வுகூடத்தில் வாணி விழா, சரஸ்வதி பூசை. காலையிலேயே கோலம் போட்டு, கும்பம் வைத்து, நுணுக்குக்காட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. சோதனைக் குழாய்த் தாங்கிக்குக்கூட ஒரு பூ. கடலை, அவல், வாழைப்பழம். அண்ணை வேட்டியோடு நின்று, செம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்து மாவிலையால் தெளித்துக்கொண்டு வந்தார்.

ஒளிர்வுமானி கொஞ்ச நாளாக அடம் பிடிக்கிறது. எனக்கு என்ன தோன்றியதோ, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ளையும் கொஞ்சம் தெளியுங்கோ அண்ணை" என்றேன்.

"உள்ளையோ?"

"மூடின பெட்டிக்குப் பூசை செய்து என்ன பிரயோசனம்?"

"அதுவும் சரிதான்" என்று ஒரு தெளி.

பேராசிரியர் குகதாசன் சேர் வழக்கம்போல நீளமாகப் பேசினார். கடலை நன்றாக இருந்தது. மூன்று தரம் வாங்கினேன்.

ஒக்ரோபர் 12, சனி

விசயதசமி. நல்ல காரியம் தொடங்கும் நாள் என்று விகாரியை இன்றுதான் முதன்முதலாக அளந்தேன். மானியின் தாங்கியில் நான்கு குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை நிற்கும். முதலாவதில் மதுவம் வளரும் திரவமான ஊடகம் மட்டும், இரண்டாவதில் சாதாரண மதுவம், மூன்றாவதில் விகாரி. நாலாவது குழியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, பாவிப்பதில்லை.

விகாரி ஒளிர்கிறது. உப்புப் போட்டாலும் ஒளிர்கிறது, போடாவிட்டாலும் ஒளிர்கிறது.

பிழை விட்டிருப்பேன். திங்கள் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

பிழை இல்லை. புதிய வளர்ப்பு, புதிய ஊடகம், புதிய உப்பு. எத்தனை தரம் செய்தாலும் அதே வெளிச்சம்.

சேரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "ஹொக் சாவி மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். உம்முடைய விகாரி சொல்லுறது, அதுதான் பூட்டும் எண்டு. சும்மா இருக்கிற நேரத்திலை கதவை மூடி வைச்சிருக்கிறதும் அதுதான். அது இல்லாட்டில் கதவு திறந்தபடி. விளங்குதோ உமக்கு, நீர் என்ன கண்டுபிடிச்சிருக்கிறீர் எண்டு?"

விளங்குகிறது சேர்.

பேர்கனுக்கு எழுதிவிட்டேன்.

ஒக்ரோபர் 24, வியாழன்

மறுமொழி வந்துவிட்டது. மூன்று ஆச்சரியக்குறி. நோர்வேக்காரர் அவ்வளவு இலகுவில் ஆச்சரியப்படமாட்டார்கள் என்று கேள்வி. எழுத்து வேலையெல்லாம் முடிய ஜனவரியாகுமாம், ஆனால் இடம் எனக்கென்று வைத்துக்கொள்ளலாமாம்.

அம்மாவுக்குச் சொன்னேன். "குளிருமே?" என்றார். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்து, "உன்ரை கொப்பர் கடலிலை போகேக்கையும் நான் மறிக்கேல்லை" என்றார். எனக்குக் கிடைத்த அம்மா யாருக்கும் கிடைக்கமாட்டார்.

ஒக்ரோபர் 31, வியாழன்

தீபாவளி. அடுத்த தீபாவளி பனியில்.

நவம்பர் 19, செவ்வாய்

இல்லை. இல்லை. இல்லை.

எழுதித்தான் ஆறவேணும். அளந்து முடிச்சு, குவளைகளைக் கழுவி, தண்ணி விட்டபடி தாங்கியிலை வைச்சனான். மூடி மூடியிருந்தது. நான் வேறை யோசினையிலை பொத்தானை அமத்திப்போட்டன். திரையிலை எண் வந்தது. முதலாவது குழி ஒண்டுமில்லை. இரண்டாவது ஒண்டுமில்லை. மூண்டாவது – அதே எண். விகாரியின்ரை அதே எண்.

தண்ணி. வெறும் தண்ணி. தண்ணிக்கு எங்கை பரம்பரையலகு?

குவளையை எடுத்துப்போட்டு வெறுங் குழியை அளந்தன். குறைஞ்சதுதான், ஆனாலும் வெளிச்சம் இருக்கு.

ஒரு மாசமா நான் மதுவத்தை அளக்கேல்லை. மூண்டாம் குழியை அளந்துகொண்டிருந்திருக்கிறன். ஒருநாளாவது குவளைகளை இடம் மாத்தி வைச்சுப் பாத்திருந்தா? முதலாம் வருசப் பிள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுக்கிறதே அதுதானே. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

நவம்பர் 20, புதன்

ஆய்வுகூட யன்னலெல்லாம் அடைத்து, நீல ரோச் லைற்றை மூன்றாம் குழிக்குள் பிடித்தேன். குழிக்குள் ஒளி போகும் சின்ன யன்னலின் ஓரத்தில் பச்சை மஞ்சளாக ஒரு துளி மினுங்கியது. தெறித்து விழுந்து காய்ந்த துளி.

சிற்றுண்டிச்சாலைக்குப் போய் ஒரு கரண்டி மஞ்சள்தூள் வாங்கி வந்தேன். தண்ணீரில் கரைத்து, வேறொரு குவளையில், முதலாம் குழியில் வைத்து அளந்தேன். நன்றாக ஒளிர்கிறது. நான் தேடிய அதே பச்சையில். நீல ஒளி பட்டால் மஞ்சள் ஒளிரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் தேவையான நேரத்தில் எங்கே போகிறதோ.

மாவிலை. செம்பு. "உள்ளையும் கொஞ்சம் தெளியுங்கோ அண்ணை."

அழவில்லை. சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஒன்றை எனக்கு நானே மறைக்காமல் எழுதி வைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்: ஜனவரிவரை வாயை மூடிக்கொண்டிருந்தால்? இடம் உறுதியாகிவிடும். அங்கே போய், இரண்டு மாதம் கழித்து, "ஐயோ, இங்கே ஒளிரவில்லையே" என்றால் யாருக்குத் தெரியும்? நெல்லியடிவரை அந்த நினைப்போடு வந்தேன். நெல்லியடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள், எழும்பி இடம் கொடுத்தேன். நிற்கத் தொடங்கியதும் அந்த நினைப்பு வெட்கமாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு நன்றி.

நவம்பர் 21, வியாழன்

சேரிடம் சொன்னேன். அவருக்கும் இது கண்டுபிடிப்புத்தான், அவருக்கும் இது போய்விட்டது. ஆனால் என்னை ஏசவில்லை. அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"பேர்கனுக்கு இண்டைக்கே எழுதும். சாதனக் கோளாறு எண்டு ஒரு வரி போதும்."

"மஞ்சள் எண்டு எழுதவேண்டாமோ சேர்?"

"பூசை, மாவிலை எண்டெல்லாம் எழுதினா உலகம் சிரிக்கும். உமக்கும் மரியாதையில்லை. பென்சனுக்குக் கிட்ட நிக்கிற அந்த மனுசனுக்கும் மரியாதையில்லை."

அதுவும் நியாயம்தான். தெளித்தவர் அவர். தெளிக்கச் சொன்னவள் நான். உலகம் யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும், சம்பளம் குறைந்தவரைப் பார்த்துத்தான்.

சாதனக் கோளாறு என்றே எழுதி அனுப்பினேன். பொய்யில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

அண்ணைக்கு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று காலையிலேயே போனேன். அவர் கழுவிய போத்தல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் கை நின்றுவிட்டது.

"அப்ப உங்கடை நோர்வே?"

"போயிட்டுது அண்ணை."

போத்தலை வைத்துவிட்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்றார். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ?

மதியம் அவராகவே வந்தார். "என்னெண்டு எழுதினனீங்கள்?"

"சாதனக் கோளாறு எண்டு."

"ஏன்?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு போத்தலை எடுத்துத் துடைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. இவ்வளவு காலத்தில் அவர் என்னோடு கோபித்தது இன்றுதான்.

"எனக்காக ஒளிக்காதையுங்கோ பிள்ளை. நான் களவெடுக்கேல்லை. எத்தினை ஆய்வுகூடத்திலை எங்கடை சனம் பூசை செய்யினம். கோளாறு எண்டு எழுதினா அவைக்கு என்ன விளங்கும்? மஞ்சள் எண்டு எழுதுங்கோ. ஆர் தெளிச்சது எண்டு கேட்டா என்ரை பேரைச் சொல்லுங்கோ."

"தெளிக்கச் சொன்னது நான்."

"அப்ப இரண்டு பேரையும் எழுதுங்கோ."

நவம்பர் 27, புதன்

புயல் மழை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை. அண்ணை தொலைபேசியில்: "நான் வந்து நிக்கிறன் பிள்ளை. கறன்ற் நிண்டது, ஜெனரேற்றர் போட்டாச்சு. உங்கடை மதுவ ஆக்கள் பிறிட்ஜுக்குள்ளை குளிராய் இருக்கினம்." கோப்பாயிலிருந்து எப்படிப் போனார் என்று கேட்டேன். "சைக்கிளைத் தள்ளிக்கொண்டு" என்றார். நான் என்ன நன்றி சொல்ல?

டிசெம்பர் 2, திங்கள்

தாங்கியை அல்ககோலால் துடைத்தோம். பாதி போனது. மீதி பிளாத்திக்கில் ஊறிவிட்டது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை என்ன செய்வோம்? வெயிலில் போடுவோம். இங்கேயோ ஒரு கிழமையாக வெயிலில்லை. இன்றுதான் கொஞ்சம் எறித்தது. கூரைச் சீற்றில் ஒரு தட்டம் வைத்து, அதில் தாங்கியை வைத்து, காகம் கொண்டுபோகாமல் அண்ணையும் நானும் மாறி மாறிக் காவல். அம்மாவின் கருவாட்டுக்கும் இதே வேலைதான் பார்த்தேன். படித்து என்ன கண்டேன்?

சேர் மேலே பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு இரண்டு தேத்தண்ணி அனுப்பினார்.

டிசெம்பர் 6, வெள்ளி

கறை போய்விட்டது. வெறுங் குழி இருட்டு.

இன்று விகாரியை மூன்று குழிகளிலும் மாற்றி மாற்றி வைத்து அளந்தேன். உப்போடும், உப்பில்லாமலும். ஒன்றுமில்லை. ஹொக் இல்லை, அதனால் ஒளிர்வும் இல்லை. புத்தகத்தில் உள்ளபடியே. சாதாரண மதுவம் மட்டும் உப்புப் பட்டதும் எழும்பி, சமாளித்ததும் அடங்கியது. அழகாகத்தான் அடங்கியது.

அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பல கிழமைகளுக்குப் பிறகு மதுவம் என்னோடு உண்மை கதைக்கிறது. அதுவும் ஒரு கொடுப்பினைதான்.

மாலையில் பேர்கனுக்கு இரண்டாவது கடிதம். மஞ்சள், மாவிலை, மூடியைத் திறந்து பிடித்த என் கை, எல்லாம் எழுதினேன்.

டிசெம்பர் 19, வியாழன்

பேர்கன் மறுமொழி. அன்பான கடிதம். வாசித்துச் சிரித்தாராம், பிறகு தன் மாணவர்களுக்கும் வாசித்துக் காட்டினாராம். ஆனால் இடம் அந்தப் பூட்டு ஆய்வுக்கென்று ஒதுக்கியதாம். பூட்டே இல்லாதபடியால் வேறொருவருக்கு வேறொரு வேலைக்காகக் கொடுத்துவிட்டாராம்.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லை. எட்டாட்டில் போகட்டும். போகட்டும் எண்டு எழுதுறது லேசு.

அம்மாவுக்குச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்குக் கணவாய்க் கறி. ஒரு சட்டி நிறைய.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கி வழிந்தது. கும்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

மஞ்சள் கதையை ஒரு சின்னக் குறிப்பாக எழுதி, ஆய்வுப் பிழைகளுக்கென்றே இருக்கும் ஓர் இணையச் சஞ்சிகைக்கு அனுப்பலாமோ என்று சேரிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். எழுதியதை வாசித்தார். "பூசைக்குப் பின் ஒளிர்வுமானியில் மஞ்சள்" என்ற தலைப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ரை பேர் வேண்டாம். நான் இதை ஒளிக்கச் சொன்ன ஆள்" என்றார். பிறகு, "பரமலிங்கத்தின்ரை பேரை நன்றி சொல்லுற இடத்திலை போட்டிருக்கிறீர். அது சரியில்லை. தாங்கியை வெயிலிலை காயவைச்சு, திரும்ப அளக்க உம்மோடை நிண்டவர். ஆசிரியர் எண்டு போடும்."

அண்ணையிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. இந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போன எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளுக்குப் போத்தல் கழுவியவர், ஊடகம் காய்ச்சியவர். ஒன்றிலும் பெயரில்லை. "பிழை விட்டதுக்கோ பேர் போடுறியள்?" என்றார்.

"கண்டுபிடிச்சதுக்கு அண்ணை."

"என்னத்தைக் கண்டுபிடிச்சம்?"

"மஞ்சளை."

சிரித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து தன் முதலெழுத்து 'க' என்று சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் பெயர் கந்தையாவாம்.

மார்ச் 11, செவ்வாய்

வெளிவந்துவிட்டது. இரண்டு பக்கம்.

ஒப்பந்தமும் இன்னொரு வருடத்துக்கு நீடித்திருக்கிறார்கள். என்னை மறக்கவில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் தெரியாத இந்திய இலக்கம். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் நிவேதனா. தமிழ்நாட்டுல இருந்து பேசறேன். உங்க மஞ்சள் பேப்பர் படிச்சேன்." அதற்கு மேல் வரவில்லை. அழுகை.

காத்திருந்தேன். அது எந்த அழுகை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளும் மதுவம்தான், வேறு சமிக்ஞைப் பாதை. அவர்களும் ஆயுத பூசை செய்கிறவர்கள். ஒன்றரை வருடமாக ஒரு வெளிச்சத்தைத் துரத்தியிருக்கிறாள். அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருந்தாளாம். எங்கள் குறிப்பை யாரோ சிரிப்புக்காகக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் வெறுங் குழியை அளந்திருக்கிறாள். அங்கேயும் வெளிச்சம்.

"சமர்ப்பிச்ச பிறகு வேற யாராச்சும் கண்டுபிடிச்சிருந்தா நான் செத்துருப்பேன் அக்கா. நீங்க இத எழுதாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எதுக்கு எழுதினீங்க?"

எழுதச் சொன்னவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்றேன். "அந்தப் பரமலிங்கம் சாரா? அவர்ட்ட பேசலாமா?"

அண்ணையிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். கையைச் சாரத்தில் துடைக்கிற மாதிரிக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். யன்னலடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஓம், ஓம் பிள்ளை என்பது மட்டும்தான் கேட்டது. ஒருதரம் கண்ணைத் துடைத்தார். கன நேரம் கதைத்தார்.

திருப்பித் தரும்போது கேட்டேன், என்ன சொன்னவ என்று.

"அழுதது, பாவம். நான் சொன்னன், எங்கடை பிள்ளையும் உப்பிடித்தான் அழுதவ, சோறு தண்ணி இல்லாமல் திரிஞ்சவ. இப்ப நல்லாச் சாப்பிடுறா எண்டு."

உண்மைதான். இன்றும் அம்மா கட்டித் தந்த பார்சலை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, அண்ணையின் பெட்டியிலிருந்து ஒரு மீன்பொரியலும் எடுத்தேன்.